‘ம்’ இல்லாத காலை

முப்பத்து மூன்று என்று எழுதிய பலகை சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ஒரு மின்கம்பத்தில் கோணலாகத் தொங்கியது. கட்டினவன் தூக்கக் கலக்கத்தில் கட்டியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே சாந்தாமணி அதைத் தாண்டினாள். விடிகாலை ஐந்து மணிக்கு மாரத்தான் புறப்பட்டது, இப்போது ஒன்பதுக்கும் மேலாகிவிட்டது, இன்னும் ஒன்பது கிலோமீட்டர் பாக்கி. காலைப் பற்றி நினைக்கக் கூடாது. நினைத்தால் போச்சு, முழங்கால் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும். நிழலைப் பார்க்கலாம். வெயில் முதுகில் அடிக்க, திருச்சி ரோட்டில் மேற்கே பார்த்து ஓடுகிறவர்களுக்கெல்லாம் நிழல் முன்னால் ஓடும். அவள் நிழல் சற்றுக் குண்டு. குண்டாக இருந்தால் என்ன, நாற்பத்தொரு வயசில் இத்தனை தூரம் ஓடி வந்த நிழல், அதற்கு ஒரு மரியாதை உண்டுதானே. மார்கழிக் குளிர் இன்னும் முழுசாக விடவில்லை, வேர்வை காதுக்குப் பின்னால் ஜில்லென்று இறங்கியது. நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஏன் இத்தனை நன்றாக இருக்கிறது என்று யோசித்தபோதுதான் அவளுக்குப் பிடிபட்டது: நாலு மணி நேரமாக ஒருத்தரும் அவளைச் ‘சாந்தா’ என்று கூப்பிடவில்லை, அவளும் ஒரு தடவைகூட ‘ம்’ சொல்லவில்லை.

அந்த ‘ம்’ இருக்கிறதே, அதற்கு வயசு பத்தொன்பது. அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே சிவராஜ் வந்து நின்றுகொள்வார். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிற மனுஷர், எட்டரைக்கெல்லாம் ஷட்டரைத் தூக்க வேண்டியவர், ஆனாலும் நிற்பார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் “சாந்தா.” அவள் உள்ளேயிருந்து “ம்.” மறுபடி “சாந்தா.” “ம்.” தலையில் சீயக்காய், வாயில் தண்ணி, கண்ணில் எரிச்சல், எது எப்படியிருந்தாலும் ‘ம்’ வந்தாக வேண்டும். வராவிட்டால் கதவு திறந்துவிடும், ஏனென்றால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவர் பட்டறைக்குப் போய்விட்ட பிறகு குளித்தால் மகள் தர்ஷினி வந்து நிற்பாள். மூன்று வயசில் சரியாகப் பேச்சே வராத குழந்தை, கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு கதவடியில் உட்கார்ந்து “அம்மா, ம் சொல்லு” என்று கேட்டது. அன்றைக்குச் சாந்தாமணி தண்ணீரோடு தண்ணீராக அழுதாள், அழுதுகொண்டே ‘ம்’ சொன்னாள். இப்போது அந்தக் கழுதை ஈரோட்டில் ஹாஸ்டலில் இருக்கிறது, போனில் பேசும்போதுகூட நடுநடுவே “அம்மா, ம் சொல்லு” என்கிறது. குடும்பமே இப்படி ஆகிப்போச்சு. சொல்கிற ஆள் ஒருத்தி, கேட்கிற ஆள் இரண்டு பேர். இவள் திருப்பிக் கேட்டதே இல்லை, அவரும் ஒரு நாளும் ‘ம்’ சொன்னதில்லை. அவருக்கு எதற்கு?

அவரைக் குறை சொல்லவும் முடியாது, அதுதான் கொடுமை. குறை சொல்ல முடிந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பாள். கல்யாணமாகிப் பதினோராம் நாள் அது. “எப்பவாச்சும் தலை சுத்தும் மாப்பிள்ளை, வேற ஒண்ணுமில்லை” என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். தலை சுற்றலாம்! பன்னிரண்டு வயசிலிருந்து வலிப்பு. பால் தீய்கிற வாசம் வரும், வயிற்றுக்குள் என்னமோ மேலே ஏறும், இடது கட்டை விரல் வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது. அன்றைக்கு உள்பக்கம் தாழ் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தவளுக்குப் பால் தீய்ந்தது. கண் விழித்தபோது கதவு இரண்டாகப் பிளந்து கிடந்தது, பட்டறைக் கடப்பாரை மூலையில் கிடந்தது, அவள் புருவத்தில் ரத்தம், அக்கம்பக்கத்துப் பொம்பளைகள் போர்த்திவிட்ட சேலை, அவள் இடது கைக்குள் பட்டறைச் சாவிக் கொத்து. இரும்பைக் கொடு, இரும்பைக் கொடு என்று எல்லோரும் கத்த, அவர் கையில் இருந்த இரும்பு அதுதான். இழுப்பில் அவள் இறுக்கியதில் சாவியின் பல் உள்ளங்கையில் இறங்கிவிட்டது, இன்னும் மூன்று புள்ளி வெள்ளையாகத் தெரியும். கண் விழித்ததும் அவள் பார்த்தது அவர் முகத்தை. போச்சு, இன்றைக்கே அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தாள். அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுக் கதவு போட்டார், தாழ்ப்பாள் இல்லாமல். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவள் உள்ளங்கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனுஷர். அவரை அவளுக்கு அத்தனை பிடிக்கும். அவர் கதவுக்கு வெளியே வந்து நின்றால் மூச்சு முட்டும். இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படித்தான் இருக்கிறதோ.

முப்பத்து நான்கு. இந்தக் கிலோமீட்டர் பூக்காரம்மாவுடையது. வலிப்பு நோயாளிகள் சங்கத்தில் இந்த ஏற்பாடு செய்தார்கள்: ஒரு கிலோமீட்டரை ஒருத்தர் பணம் கட்டி ஏற்றுக்கொள்வது. சேர்கிற பணத்தில் டவுன் பஸ் கண்டக்டர்களுக்கும் பள்ளிக்கூட டீச்சர்களுக்கும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று வகுப்பு எடுப்பார்கள். சாந்தாமணி வேலை பார்க்கிற கிளை நூலகத்துக்கு எதிரில் பூக்கட்டுகிற அம்மா, “எனக்கு ஒண்ணு போட்டுக்க கண்ணு, கடைசிப் பக்கமாப் போடு, அப்பத்தான் நீ சோந்து போயிருப்ப” என்றார். என்ன ஒரு யோசனை! முப்பத்து ஐந்தாவதைச் சிவராஜே ஏற்றுக்கொண்டார். முதுகில் சங்கத்துப் பனியன், அதில் பெரிய எழுத்தில், ‘வலிப்பா? சாவி வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கூடவே இருங்கள்.’ கூடவே இருங்கள் என்று முதுகில் எழுதிக்கொண்டு தனியாக ஓடுகிறோமே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஓடிக்கொண்டே சிரித்தால் விலாவில் பிடிக்கும். பிடித்தது. எட்டு மணி மாத்திரையை உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணியோடு போட்டாயிற்றா? போட்டாயிற்று. ராத்திரி எட்டுக்கே படுத்தாயிற்றா? படுத்தாயிற்று. இரண்டு வருஷமும் நாலு மாசமும் ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா அதனால்தான் தலையை ஆட்டினார்.

சிவராஜ் தலையை ஆட்டத்தான் ஒரு மாசம் ஆனது. கடைசியில் ராகிக் களியை உருட்டிக்கொண்டே ஒத்துக்கொண்டார். “சரி, ஓடு. ஆனா அந்த வாசம் வந்துதுன்னா அந்த எடத்துலயே உட்காந்தரோணும். உட்காந்து எனக்குப் போன் பண்ணோணும். அதோட முடிஞ்சுது, நான் வந்து கூட்டிட்டு வந்துருவன்.” அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “உட்காராம முழுசும் ஓடி முடிச்சுட்டனுங்கன்னா?” “முடிச்சுட்டா என்ன வேணும், சேலையா?” “நான் குளிக்கறப்ப நீங்க வெளியில நிக்கக் கூடாதுங்க. தாழ்ப்பாள் வேண்டாம், அது எனக்கே தெரியும். கதவு சாத்தி மட்டும் இருக்கட்டும். ஆனா கூப்புடக் கூடாது. ஒரு அரை மணி நேரம் பேக்கரிக்குப் போயிட்டு வாங்க.” அவர் களியை விழுங்காமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். அவள் புருவத்துத் தழும்பைத்தான் பார்த்தார். அப்புறம் “பாக்கலாம்” என்றார். பத்தொன்பது வருஷத்தில் சிவராஜ் ‘பாக்கலாம்’ என்று சொல்லிச் செய்யாமல் விட்டது ஒன்றும் கிடையாது. ஆகவே இந்த ஓட்டம் சங்கத்துக்காக ஓடுகிற ஓட்டம், பஸ் கண்டக்டர்களுக்காக ஓடுகிற ஓட்டம், எல்லாம் சரி, வாஸ்தவம். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த கணக்கில் இது ஓர் அரை மணி நேரத்துக்காக ஓடுகிற ஓட்டம்.

முப்பத்து ஐந்து, ஒலம்பஸ் பஸ் ஸ்டாப் பக்கத்தில், அவர் கிலோமீட்டர். பலகையைத் தாண்டி நூறு அடி வைத்திருப்பாள். பால் தீய்ந்தது. முதலில் மூக்கு நம்பவில்லை. அடுத்த மூச்சில் நம்பியது. அடிப்பிடித்து, கரிந்து, தித்திப்பும் கசப்புமாக, பன்னிரண்டு வயசிலிருந்து அவளைத் தேடி வருகிற அதே வாசம். ஐயோ, வேண்டாம். இப்போது வேண்டாம். ஏழு கிலோமீட்டர்தான், பேசாமல் ஓடிவிடலாமா, யாருக்குத் தெரியும்? இது வெயிலாக இருக்கும், பசியாக இருக்கும். கட்டை விரலைப் பார்த்தாள். ஓடுகிற கையில் எல்லா விரலும்தான் ஆடுகிறது, இதில் எது வெட்டுகிறது, எது ஆடுகிறது? வயிற்றில் என்னமோ ஏறுகிறதா? முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடின வயிற்றில் என்னதான் ஏறாது! போன வருஷம் இப்படித்தான், சமையல்கட்டில் பால் தீயும் வாசம் வந்ததும் அவள் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. வாசம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சிவராஜ் வந்து பார்த்தால் இவள் தரையில், அடுப்பில் நிஜமாகவே பால் பொங்கி வழிந்து பாத்திரம் கரிக்கட்டை. “அட, பாலு தீஞ்சா அடுப்பை அணைக்கோணும் சாந்தா, படுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இரண்டு நாள் ஓயவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பால் தீய்ந்தால் பால்தான் தீய்கிறது. அவளுக்கு மட்டும் உலகத்தையே நம்ப முடியாது. இது ரோடு. இங்கே அடுப்பு ஏது? ஓடு, ஓடிவிடு என்றது கால். கால் வலிக்காமல்கூட இருந்தது அந்த நேரத்தில். ஆனால் விழுந்தால்? இந்தப் பனியனோடு தலை குப்புற விழுந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அதெல்லாம் போகட்டும், உட்காருகிறேன் என்று அவரிடம் ஒத்துக்கொண்டாளே. களியை விழுங்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகம். பாழாய்ப்போன முகம். சாந்தாமணி ரோட்டோரத்து நடைபாதைக்கு ஒதுங்கி, மின்பெட்டிக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணி கொட்டியது. முடிந்தது. அரை மணி நேரமும் முடிந்தது, அவ்வளவுதான். இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்து அவர் பெயர் மேல் விரலை வைத்தாள்.

“அக்கா! அக்கா, ஏனுங்க்கா!” எங்கிருந்தோ ஓர் ஆள் ஓடி வந்தான், கட்டம் போட்ட லுங்கி, முப்பது வயசிருக்கும். குனிந்து அவள் முதுகைப் பார்த்தான். ‘வலிப்பா?’ என்ற முதல் வார்த்தையை மட்டும்தான் படித்தானோ என்னவோ, ஓரமாக நின்ற தன் பைக்கிலிருந்து சாவியைப் பிடுங்கி, இரண்டு பீரோ சாவியும் ஒரு பெரிய பூட்டுச் சாவியும் தொங்குகிற கொத்தாக அவள் இடது கைக்குள் திணித்து, தன் இரண்டு கையாலும் அவள் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டான். “இறுக்கிப் புடிங்க்கா, இரும்புதான், ஒண்ணும் ஆகாது, என்ற மாமனுக்கும் இப்படித்தான் குடுப்போம்.” சாந்தாமணிக்கு வந்ததே ஒரு கோபம். சாவி வேண்டாம் என்று அத்தனை பெரிதாக எழுதியிருக்கிறது! சரி, பாவம், அவளைவிட அவன்தான் பயந்து போயிருக்கிறான். அவளுக்குப் பேச்சு குழறவில்லை. அது நினைவில் வைக்க வேண்டிய விஷயம், பேச்சு குழறவில்லை. “ஏனுங்க தம்பி,” என்றாள், “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க பால் தீயற வாசம் உங்களுக்கும் அடிக்குதுங்களா?” அவன் மூக்கை உறிஞ்சினான். “அடிக்காம என்னுங்க்கா! இந்தப் பேக்கரிதான். உங்க ஓட்டத்தை வேடிக்கை பாக்கறன்னு மாஸ்டர் ரோட்டுக்கு வந்துட்டாரு, பாலு பூராம் அடிப்புடிச்சுப் போச்சு. ஓனரு உள்ள கத்தறது கேக்கலீங்களா?” கேட்டது. அவளுக்கு இப்போதுதான் கேட்டது. மின்பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி, ஒருத்தர் கரிந்த பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடே, நாலு லிட்டர்டா, நாலு லிட்டர்டா என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வசவு அவள் காதில் தேனாகப் பாய்ந்தது. நிஜப் பால். எல்லோர் மூக்குக்கும் தீய்கிற, எல்லோருக்கும் பொதுவான பால். கட்டை விரலைப் பார்த்தாள், அது சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு சாதுவாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டாள். “நல்லா இருங்க தம்பி, அந்த மாஸ்டரும் நல்லா இருக்கோணும்” என்று சொல்லி எழுந்து, ஒரு கால் நொண்டி, மறு கால் நொண்டி, ஓட ஆரம்பித்தாள்.

நூறு அடி போயிருப்பாள், பின்னால் செருப்புச் சத்தம். “அக்கா! அக்கோவ்! சாவி! சாவி வேண்டாம்னு முதுகுல எழுதிப் போட்டுட்டு என்ற சாவியைத் தூக்கிட்டு ஓடறீங்களே!” கையைத் திறந்து பார்த்தாள். ஐயோ கடவுளே. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின மூன்று வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் அவன் சாவியின் பல் புதுசாக மூன்று கோடு போட்டிருந்தது. நிற்க முடியாது, நின்றால் கால் மறுபடி கிளம்பாது. ஓடிக்கொண்டே நீட்டினாள், அவன் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து வாங்கினான். வாங்கினவன் திரும்பிப் போகாமல் கூடவே கொஞ்ச தூரம் ஓடினான். “அப்ப என்ற மாமனுக்கு வந்தா என்னதான்க்கா பண்றது?” மூச்சு வாங்கியது, ஆனாலும் சொன்னாள். ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, தலைக்கடியில துணி வையுங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, இழுக்கறப்ப கையைக் காலை அமுக்காதீங்க, மணியைப் பாருங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா நூத்தி எட்டுக்குப் போன் பண்ணுங்க. “அப்பறம்?” “அப்பறம் கூட இருங்க. அவர் முழிச்சதும் மொதல்ல உங்க மூஞ்சியத்தான் பாப்பாரு.” அவன் நின்றுவிட்டான். அவள் போய்க்கொண்டே இருந்தாள். சங்கத்துக்காரர்கள் வகுப்பெடுக்கப் போகிறார்கள், அதற்கு முன்னாலேயே ஒரு வகுப்பை எடுத்து முடித்தாயிற்று, அதுவும் ஓடிக்கொண்டே. அவர் கிலோமீட்டரில்.

ராமநாதபுரம், சுங்கம், முப்பத்து ஒன்பது. அதற்கப்புறம் ரேஸ் கோர்ஸ் மரங்களின் நிழல் வந்தது, முன்னால் ஓடிக்கொண்டிருந்த அவள் நிழல் அதற்குள் போய்க் காணாமல் போனது. காலை நடைக்கு வந்த பெரியவர்கள் கை தட்டினார்கள். கால் வலித்தது, நன்றாக வலித்தது, வலித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒரு நினைப்பு மட்டும் விடாமல் முட்டியது. உட்கார்ந்தேனே. உட்காராமல் முடித்தால் என்றுதானே பேச்சு. சொல்லாமல் விட்டுவிடலாமா? யார் பார்த்தார்கள், லுங்கிக்காரனையும் பால் தீய்த்த மாஸ்டரையும் தவிர? அப்பா இப்படித்தான், எப்பவாச்சும் தலை சுத்தும் என்றார். முடிவுக் கோட்டில் சிவராஜ் நின்றிருந்தார், ஒரு கையில் துண்டு, ஒரு கையில் இளநீர், முகத்தில் நாலு மணிக்கு எழுந்த தூக்கம். கோட்டைத் தாண்டி அவர் தோளில் கையை ஊன்றினாள், யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள், அவள் மூச்சு வாங்க முதலில் சொன்னது, “ஒலம்பஸ்கிட்ட உட்காந்துட்டனுங்க.” அவர் முகம் வெளுத்தது. “வாசமா?” “வாசந்தானுங்க. ஆனா நெசப் பாலு. பேக்கரியில தீஞ்சுது.” “நெசப் பாலுன்னு யார் சொன்னா?” “சாவி குடுத்த ஆளு.” அவளுடைய இடது கையை எடுத்து விரித்துப் பார்த்தார். பழைய புள்ளி மூன்றும் புதுக் கோடு மூன்றும். பார்த்துக்கொண்டே இருந்தவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாரோ என்று பயந்தாள், சிரிக்கிறார் பாவி. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார், அவளுக்கு என்று கொண்டு வந்த துண்டு. “உட்காந்தியா?” என்று மறுபடி கேட்டார். “உட்காந்தனுங்க.” “நெசமாலுமே உட்காந்தியா?” கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பேச்சு தோற்றதா ஜெயித்ததா என்று வீடு வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவரே வெந்நீர் ஊற்றி வைத்தார், பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, “நான் பேக்கரிக்குப் போறன்” என்றார், யாரோடோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி. கேட் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. சாந்தாமணி கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதல் சொம்பு. வெந்நீர் முதுகில் இறங்கி, உப்புக் கரைந்து, காலில் தோல் உரிந்த இடத்தில் சுரீர் என்றது. இரண்டாவது சொம்பு. இந்நேரம் ‘சாந்தா’ வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாவது. குழாயில் சொட்டும் தண்ணி, பக்கத்து வீட்டு மிக்ஸி, எங்கேயோ ஒரு காய்கறி வண்டிக்காரன். அவள் சீயக்காயை நிதானமாகத் தேய்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, எதற்கும் காதைக் கொடுக்காமல். இப்படி ஒரு குளியல் குளித்து எத்தனை வருஷமாச்சு! தலையை அலசினாள். இன்னொரு தரமும் அலசினாள், வேண்டுமென்றே. மனசு நிறைந்து போயிருந்தது. நிறைந்த பிறகு, அவளுக்கே ஏன் என்று தெரியவில்லை, யாரும் கேட்காமலே, மிக்ஸி நின்ற நேரம் பார்த்து, சத்தமாக “ம்” என்றாள்.

கேட் பக்கத்திலிருந்து, பேக்கரிக்குப் போகாத ஒரு குரல், கொஞ்சம் கழித்து, “ம்” என்றது.